உஷார்! பெயிண்டில் முகம் தெரியும் பழைய டட்சன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாக்ரமென்டோவிலிருந்து கல்லூரி நண்பன் ஃபோன் செய்தான்.

"மச்சி, ஒரு டட்சன் 240இசட் சிக்கியிருக்குடா. 72 மாடல், ஆரஞ்சு கலர். பெயிண்ட்ல மூஞ்சி பாத்துக்கலாம். சாயந்திரம் போய் அட்வான்ஸ் குடுக்கப் போறேன்."

"குடுத்துடாதே!"

"ஏன்டா, காரையே நீ இன்னும் பாக்கலையே?"

"பெயிண்ட்ல மூஞ்சி தெரியுதுன்னியே, அதுக்கப்புறம் பாக்க என்ன இருக்கு?"

அவனிடம் அரை மணி நேரம் கத்தியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய், கராஜில் ஒரு கார் நிற்கும் இடம் காலியானதும் அமெரிக்காவில் இருக்கும் நம்மாட்கள் சிலருக்கு இந்த ஆசை வருகிறது. எனக்கு ஆறு வருடத்துக்கு முன்பு வந்தது. அந்த ஆசைக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆசை வருவதில் தப்பில்லை. அப்படிப்பட்ட கார் அது. 1969 அக்டோபரில், டட்சன் கார்களைச் செய்த நிஸான் நிறுவனம் 'ஃபேர்லேடி இசட்' என்று ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் நிஸானை நடத்திக்கொண்டிருந்த யுடாகா கடயாமாவுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் காருக்கு இதென்ன பெயர் என்று, வந்திறங்கிய கார்களில் இருந்த எழுத்துகளைக் கழற்றிவிட்டு 240இசட் என்று மாட்டினார் என்பார்கள். ஆறு சிலிண்டர், 2,393 சி.சி., இரட்டை கார்புரேட்டர். விலை 3,526 டாலர். அந்தக் காசுக்கு அந்த அழகையும் அந்த வேகத்தையும் அன்று வேறு யாரும் தரவில்லை. 1978 வரை 260, 280 என்று வளர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆப்பிரிக்காவின் கரடுமுரடான சஃபாரி ராலியை 1971-லும் 1973-லும் வென்றது. இரண்டாவது முறை ஓட்டியவர் ஷேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர்.

இவ்வளவு பெருமைக்கும் அடியில் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். 3,526 டாலருக்கு விற்ற காரின் தகரம், 3,526 டாலருக்கு விற்ற காரின் தகரம்தான். துருவைத் தடுக்க இன்றைய கார்களுக்குச் செய்வதில் பாதிகூட அன்று செய்யவில்லை. லாரி மாதிரி தனிச் சேஸிஸும் இதற்குக் கிடையாது. பாடியே சேஸிஸ், பாடியே எலும்பு. அது துருப்பிடித்தால் கார் துருப்பிடித்ததாக அர்த்தமில்லை, கார் இல்லை என்று அர்த்தம்.

2020 ஜனவரியில் 21 ஆயிரத்துச் சொச்சம் மைல் மட்டுமே ஓடிய ஒரு 240இசட் இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. அன்றைக்குப் பிடித்தது சனி. கொல்லையில் கோழி அடைந்துகிடந்த டட்சனெல்லாம் பட்டி, டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து, 'முழுசா ரெஸ்டோர் செய்தது' என்ற அடைமொழியோடு சந்தைக்கு வர ஆரம்பித்தது. பட்டி போட்டுத் தேய்க்க ஒரு வாரம் போதும். உள்ளே அழுகிய தகரத்தை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்ய ஒரு வருடம் வேண்டும். விற்கிறவர் எதைச் செய்திருப்பார் என்று நீங்களே யோசியுங்கள்.

நான் யோசிக்கவில்லை. வெள்ளை நிறக் கார். உள்ளே புத்தம் புதுக் கார்பெட். விற்றவர் பேச்சில் தேன் ஒழுகியது. வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள், சீட்டைக் கழற்றி கார்பெட்டைத் தூக்கினேன். கீழே தார் ஷீட். அதைச் சுரண்டினால் ஃபைபர்கிளாஸ் துணி. ஸ்க்ரூ டிரைவரால் லேசாக அழுத்தினேன். அது பிடி வரைக்கும் இறங்கி, கராஜ் சிமென்ட் தரையில் போய் முட்டியது. அந்தத் துணியின் மேல் உட்கார்ந்துதான் ஹைவேயில் 70 மைல் வேகத்தில் வந்திருக்கிறேன்.

ஆகவே, எங்கே பார்ப்பது? முதலில் காருக்கு அடியில் முன்பக்கத்திலிருந்து சீட்டுக்குக் கீழ் வரை நீளமாக ஓடும் இரண்டு பெட்டிக் குழாய்கள். ஃப்ரேம் ரெயில் என்பார்கள். இதில்தான் பெரிய மோசடியே நடக்கிறது. அழுகிய ரெயிலை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே புது ரெயிலைத் தொப்பி மாதிரி கவிழ்த்து வெல்டிங் செய்து, கறுப்பு ரப்பர் பூச்சு அடித்துவிடுவார்கள். கீழே படுத்துப் பார்த்தால் புதுசாகத்தான் தெரியும். உள்ளே செத்த ரெயில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு புதுசையும் தின்று கொண்டிருக்கும். அடிப்பக்கம் மொத்தமும் கறுப்பாகப் புதுப் பூச்சு மின்னினால் சந்தேகப்படுங்கள். அழுக்கோடு இருக்கும் அடிப்பக்கம்தான் யோக்கியமானது.

அடுத்து பேட்டரி. பானெட்டைத் திறந்தால் பின்மூலையில், அமெரிக்க மாடலில் பயணி பக்கம் இருக்கும். ஐம்பது வருட ஆசிட் சொட்டு தட்டை ஓட்டை போட்டு, நேராகக் கீழே இருக்கும் ரெயிலில் இறங்கியிருக்கும். தட்டை மட்டும் புதிதாக மாற்றியிருந்தால் விசேஷமாக உற்றுப் பாருங்கள். பிறகு முன் கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணீர் வடியும் பள்ளம்: இலை அடைத்துக்கொண்டு தண்ணீர் அங்கேயே தங்கும், முன் மட்கார்டின் அடிப்பகுதி உள்ளிருந்து அழுகும். கதவுக்குப் பின்னால் பின்சக்கரத்துக்கு முன்னால் நாய்க்கால் மாதிரி வளையும் துண்டு, பின்சக்கர வளைவு, ஸ்டெப்னி வைக்கும் குழி, டிக்கிக் கதவின் ரப்பர் உட்காரும் விளிம்பு எல்லாவற்றையும் ஒரு கை தடவிவிடுங்கள்.

இதற்குப் பெரிய கருவியெல்லாம் வேண்டாம். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் போதும். நல்ல தகரத்தில் ஒட்டும். பட்டி தடிமனாக இருந்தால் வழுக்கி விழும். (சில கார்களில் ஹெட்லைட் கூடு கம்பெனியிலிருந்தே ஃபைபர்கிளாஸ். அங்கே விழுந்தால் பதற வேண்டாம்.) நான் எடுத்துப் போவது மதுரையில் வாங்கிய மீனாட்சியம்மன் கோபுரக் காந்தம். "ஏங்க, சாமிய எதுக்கு அந்த அழுக்குக் கார்ல எல்லாம் ஒட்டிப் பாக்கறீங்க" என்று மனைவி திட்டுவாள். இதுவரை மூன்று கார்களிடமிருந்து என்னைக் காப்பாற்றியவள் மீனாட்சிதான்.

காகிதத்திலும் உஷார் தேவை. காரின் நம்பரைப் போட்டால் அதன் ஜாதகமே வந்துவிடும் என்று நினைப்பீர்கள். வராது. 17 எழுத்து அடையாள எண் முறை அமெரிக்காவில் 1981-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய காருக்கு அப்படி ஒரு ரிப்போர்ட்டே கிடையாது. வெள்ளத்தில் மூழ்கியதா, குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் ஒஹாயோவில் இருபது வருடம் ஓடியதா என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. நீங்கள்தான் ஒப்பிட வேண்டும். டேஷ்போர்டில் ஒரு தகடு, எஞ்சின் அறைத் தடுப்புச் சுவரில் குத்திய எண், எஞ்சின் அறையில் எஞ்சின் நம்பரோடு ஒரு தகடு, கதவு நிலையில் தயாரிப்பு மாதம் போட்ட தகடு. அமெரிக்க மாடல் என்றால் ஹெச்.எல்.எஸ்.30 என்று தொடங்க வேண்டும். பிளாக்கில் குத்தியிருக்கும் நம்பர் தகட்டோடு பொருந்தாவிட்டால் எஞ்சின் மாறியிருக்கிறது. 280இசட்டின் 2.8 லிட்டர் எஞ்சினைத் தூக்கிப் போட்டு ஓட்டுவது இங்கே சகஜம். ஓட்டுவதற்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் 'ஒரிஜினல்' என்று சொல்லி விலையை ஏற்றினால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆரம்பகாலக் கார்களுக்கு விலை கூடுதல் என்பதால், அவற்றில் மட்டும் வரும் காற்றுத்துளை வைத்த டிக்கிக் கதவைப் பிந்திய காரில் மாட்டி விற்பதும் உண்டு. ஜப்பானில் நானூற்றுச் சொச்சம் மட்டுமே செய்த 432 என்ற ரகத்தை யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

"வாங்கிட்டு மெதுவா சரி பண்ணிக்கறேன்டா" என்றான் நண்பன். நிஸானே அப்படித்தான் நினைத்தது. 1990-களின் பிற்பாதியில் பழைய 240இசட்களை வாங்கி, புதுசு போலச் செய்து, 25,000 டாலருக்குச் சற்றுக் குறைவாகத் தன் டீலர்கள் மூலமே விற்றது. 200 கார் என்பது திட்டம். 40-ஐக்கூடத் தொடாமல் நின்றுபோனது. காரைச் செய்த கம்பெனிக்கே கட்டுப்படியாகாத கணக்கு, சனி ஞாயிறு மட்டும் ஸ்பேனர் பிடிக்கும் நமக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

எஞ்சினைப் பற்றி அதிகம் பயமுறுத்த மாட்டேன். அது கல் மாதிரி. சூடாக இருக்கும்போது வால்வு இடைவெளி இன்டேக்கில் 0.25 மி.மீ., எக்ஸாஸ்டில் 0.30 மி.மீ.; பழைய ரக கேம் ஷாஃப்டுக்கு ஏற்ற, துத்தநாகம் கலந்த ஆயில். இரண்டையும் கவனித்தால் நம்மைவிட அதிக நாள் இருக்கும்.

பணம் போனால் போகட்டும். அடுத்துச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. எந்த விளம்பரத்திலும் இதைப் போட மாட்டார்கள்.

இந்தக் காரின் பின்புற வடிவத்தால், ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலென்ஸர் புகை திரும்பக் காருக்குள் இழுக்கப்படுகிறது. டிக்கிக் கதவின் ரப்பர், பின்விளக்கின் கேஸ்கட், ஒயர் நுழையும் ஓட்டைகள், எல்லா வழியாகவும் வரும். ஜன்னலைத் திறந்தால் சரியாகும் என்று நினைப்பீர்கள். பல சமயம் இன்னும் அதிகமாக இழுக்கும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, தூக்கக் கலக்கம் என்றுதான் ஆரம்பிக்கும். பழைய கார் என்றால் கொஞ்சம் புகை நாற்றம் இருக்கத்தான் செய்யும் என்று ரசிகர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது பெருமை இல்லை, விஷம். ரப்பர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாற்றும் வரை பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் காருக்குள் வையுங்கள்.

பெட்ரோல் வாடை அடித்தால் அது வேறு கதை. அமெரிக்க மாடலில் பெட்ரோல் ஆவி சேரும் சின்ன டாங்க், பின்பக்க உள் அலங்காரப் பலகைக்குப் பின்னால், காருக்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் போகும் ரப்பர் குழாய்கள் ஐம்பது வருடத்தில் அப்பளமாகியிருக்கும். பிறகு எவனாவது காருக்குள் சிகரெட் பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி. ஒயரிங்கும் லேசுப்பட்டதல்ல. ஹெட்லைட்டுக்கான மொத்தக் கரண்டும் ரிலே இல்லாமல் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே போகிறது. ஃப்யூஸ் பெட்டியின் பிளாஸ்டிக் உருகி வழிந்திருப்பதை எத்தனை கார்களில் பார்த்திருக்கிறேன்! இரவில் ஓட்டும் முன் ரிலே போடுங்கள்.

கராஜிலும் ஆபத்து காத்திருக்கிறது. பின்சக்கரங்களில் டிரம் பிரேக். அந்தக் கால பிரேக் ஷூவிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதுவது நம் ஊர் மெக்கானிக் ஷெட்டில் பார்த்துப் பழகிய பழக்கம். தயவுசெய்து ஊதாதீர்கள். நல்ல மாஸ்க் போட்டு, நனைத்துத் துடைத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அதைவிட மோசம், குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் செய்வது. அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் மனிதர்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. உடனே ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். கேனில் குளோரின் இல்லை என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டே வாங்குங்கள். காலி பெட்ரோல் டாங்கில் பற்றவைக்கும் தைரியம் வந்தால், நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்க்தான் எளிதில் வெடிக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ரெயிலுக்கு அடியில் ஜாக்கி வைக்காதீர்கள், அமுங்கிவிடும். வெறும் ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் தலையை விடவே விடாதீர்கள்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறவும் வேண்டாம். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். '1409' என்றிருந்தால் 2009-ன் 14-வது வாரம். அந்த டயரில் வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள், டிரக்கில் ஏற்றி வாருங்கள்.

அன்று சாயந்திரம் நண்பன் அட்வான்ஸை எடுத்துப் போகவில்லை. அவன் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பிள்ளையார் காந்தத்தை எடுத்துப் போனான். கதவுக்குப் பின்னால் வைத்ததும் பிள்ளையார் கீழே விழுந்தார். மறுபக்கமும் விழுந்தார். ஜாக்கியில் ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, விற்பவருக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டதாம்.

அந்த ஆரஞ்சு கார் இன்னும் விற்கவில்லை. போன வாரம் விலையில் இரண்டாயிரம் டாலர் குறைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் இப்போது 'முழுசா ரெஸ்டோர் செய்தது' என்பதோடு 'அவசர விற்பனை' என்றும் சேர்த்திருக்கிறார்கள்.