சீட் கிடைக்காத வருஷம்

ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ‘ஜாம்’ தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. மார்ச்சில் ரிசல்ட் வந்துவிடும். இருப்பது ஏறக்குறைய 3,000 இடங்கள். எழுதுகிறவர்கள் பல்லாயிரம் பேர். கிடைக்காமல் போகிறவர்களே அதிகம் என்பது பரீட்சை ஹாலுக்குள் நுழையும் முன்பே தெரிந்த சங்கதிதான். ஆனாலும், “கிடைக்கலேன்னா என்ன பண்ணப் போறே?” என்று ரிசல்ட்டுக்கு முன்னால் கேட்பதை நம் வீடுகளில் அபசகுனமாக நினைக்கிறோம். ஜூன் மாதம்தான் அந்தக் கேள்வி எழுகிறது. அதற்குள் பாதி வழிகள் அடைபட்டுவிடுகின்றன.

கியூட் முதுநிலைத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் அதன் வழியாகத்தான் எம்.எஸ்சி.க்கு மாணவர்களைச் சேர்க்கின்றன. சமீப வருடங்களில் அந்தத் தேர்வும் மார்ச்சில்தான் நடக்கிறது. விண்ணப்பம் அதற்கு முன்பே முடிந்துவிடும். ‘ஜாம் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்’ என்றிருந்தவருக்கு அந்த வருடம் அந்த இரண்டு இடமும் இல்லை. ஜாமில் தேறியும் ஐஐடி கிடைக்காதவர்கள் அதே மதிப்பெண்ணை வைத்து என்ஐடிகளில் சேர முடியும். ஆனால், அதற்கு சிசிஎம்என் கவுன்சலிங்கில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தானாக வீடு தேடி வராது. எம்.டெக். விஷயத்திலும் இப்படித்தான். அதற்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வு எழுதியவர்கள் ஐஐடிகளுக்கு ‘கோஆப்’ தளத்திலும், என்ஐடிகளுக்கு சிசிஎம்டி கவுன்சலிங்கிலும் தனித்தனியே பதிந்துகொள்ள வேண்டும். ஆகவே, மாற்று ஏற்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டிய காலம் டிசம்பரும் ஜனவரியும். சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஜூன் அல்ல.

முன்கூட்டியே யோசிக்காத வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. பயத்தில் பணம் கட்டுவது. ஏப்ரல், மே மாதங்களில் ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் ‘சீட்டைப் பிடித்து வைப்பதற்காக’ அட்வான்ஸ் கொடுத்து, டி.சி., மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஜூலையில் நல்ல இடம் ஒன்று கிடைக்கும்போது பணமும் வராது, சான்றிதழும் வராது என்று மிரட்டப்படுகிறார்கள். இந்த மிரட்டலுக்குப் பணிய வேண்டியதில்லை. 2018 அக்டோபரில் யுஜிசி இதற்குத் தெளிவான விதி வகுத்தது. அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைத் தந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு 90, 80, 50 சதவிகிதம் என்று குறைந்துகொண்டே வந்து, கடைசித் தேதி கழிந்து 30 நாளுக்குப் பின் ஒன்றும் கிடைக்காது. பணம் கட்டும் முன் அந்தக் கடைசித் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெற்றோர் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அது உங்கள் பணம்.

சரி, எல்லா இடத்திலும் ‘இல்லை’ என்றே வந்துவிட்டது. அடுத்த வருடம் மறுபடி முயல்வதென்று பிள்ளை தீர்மானித்துவிட்டான் அல்லது தீர்மானித்துவிட்டாள். இந்த இடைப்பட்ட ஒரு வருடத்தை எங்கே கழிப்பது? என் கருத்தில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கேள்வி.

பெரும்பாலானோர் வீட்டில் ஓர் அறைக்குள் அடைந்து அதே புத்தகங்களை மறுபடி படிக்கிறார்கள். தேர்வு மட்டுமே வாசல் என்றால் இது சிலருக்குப் பலிக்கலாம். ஆனால், ஆராய்ச்சிப் படிப்புக்கோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பிக்கிறவருக்கு இது உதவாது. போன வருடம் அனுப்பிய அதே மார்க், அதே கட்டுரை, அதே மூன்று பரிந்துரைக் கடிதம். ‘என் வகுப்பில் ஒழுங்காகப் படித்தவர், நல்ல குணமுள்ளவர்’ என்று கல்லூரியில் எல்லோருக்கும் எழுதித் தருகிற கடிதம். பார்க்கிறவர் என்ன புதிதாகக் கண்டு மனம் மாறப்போகிறார்? விண்ணப்பத்தின் கனத்தைக் கூட்டுவது, நீங்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த ஒரு விஞ்ஞானி எழுதும் கடிதம்தான்.

அப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் போய் உட்காருவதற்கு வழி இருக்கிறது. சென்னை ஐஐடி, அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் பேராசிரியர்கள் தங்கள் ஆய்வுத் திட்டங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள். அறிவிப்பு நாளிதழில் பெரிதாக வராது. நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு மூலையில், இரண்டு பக்க பிடிஎஃப்பாக இருக்கும். மேலே திட்டத்தின் பெயர், கீழே ‘பணி முற்றிலும் தற்காலிகமானது’ என்ற வரி, கல்வித் தகுதி, மாதச் சம்பளம், வாக்-இன் நேர்காணல் என்றால் தேதியும் நேரமும். ‘பிராஜெக்ட் அசோசியேட்’, ‘ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ’ போன்ற வேலைகளுக்கு எம்.எஸ்சி.யோ பி.இ.யோ கேட்பார்கள், பி.எஸ்சி. போதும் என்கிற உதவியாளர் வேலைகளும் உண்டு. ‘நெட்’ தகுதித் தேர்வில் தேறிய ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோவுக்கு (ஜே.ஆர்.எஃப்.) மாதம் 37,000 ரூபாய் என்பது 2023 முதல் நடைமுறையில் உள்ள தொகை. மற்ற பதவிகள் பலவற்றுக்குக் குறைவாக இருக்கும். நேர்காணலில் ‘எந்தக் கருவியைக் கையால் இயக்கியிருக்கிறாய்?’, ‘உன் பிராஜெக்ட்டில் நீ செய்தது எது?’ என்று கேட்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாக இரண்டு நிமிடம் பேசத் தெரிந்தால் போதும், மார்க் குறைந்தவர்களுக்கும் வாய்ப்பு வருகிறது.

ராமானுஜன் கதையை நாம் அதிர்ஷ்டக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எஃப்.ஏ. தேர்வில் தோற்று, பட்டம் இல்லாமல் நின்றவர் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் ஒரு கணிதக்காரர். இந்தியக் கணிதச் சங்கத்தில் ஈடுபாடு கொண்டவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். அந்த மேசையில் இருந்தபடிதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் போனது. அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. அவர் மேதை, நாம் அவரோடு ஒப்பிட்டுக்கொள்ள முடியாது. ஆனால், காத்திருக்கும் காலத்தில் தன் கணக்கைப் புரிந்துகொள்ளும் ஒருவர் அருகில் இருந்தது அவருக்கே தேவைப்பட்டது.

‘இல்லை’ என்ற பதில் எப்போதும் மாணவரின் தகுதியைப் பற்றியதாகவும் இருப்பதில்லை. 2025இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி தடுமாறியபோது, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரி, ஏற்கெனவே கொடுத்த பிஎச்.டி. இடங்களையே திரும்பப் பெற்றுக்கொண்டது. பிள்ளை மேல் குறை சொல்லும் முன் வீட்டார் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளூர் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. சேர்வதைத் தோல்வியாக எண்ணுவதும் தவறு. இரண்டு வருடம் கழித்து அதே பெரிய நிறுவனங்களின் பிஎச்.டி. வாசல் மறுபடி திறக்கும். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். ஜாமுக்கும் கேட்டுக்கும் வயது வரம்பு இல்லை. இயற்பியல்காரர்களுக்கு ‘ஜெஸ்ட்’ என்ற நுழைவுத் தேர்வும் இருக்கிறது. 2024 முதல் நெட் மதிப்பெண்ணைக் கொண்டே பிஎச்.டி. சேரலாம், ஜே.ஆர்.எஃப். இல்லாமல் தேறியவர்களுக்கு அது ஒரு வருடம் செல்லும். வீட்டு நிலைமை இடம் தராதவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். இணையவழி என்பிடெல் பாடங்களைக் காசில்லாமல் படிக்கலாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் என் கவலை அதிகம். ஆண் பிள்ளைக்கு ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்கிற அதே வீடு, பெண்ணுக்கு அந்தச் சும்மா இருக்கும் வருடத்தில் வரன் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. ஒரு ஆய்வகத்தில் வேலை, மாதச் சம்பளம், ஹாஸ்டல் முகவரி என்று கையில் இருந்தால் அவளால் அந்த ஒரு வருடத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியும்.

கல்லூரித் துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பரில் ஒரே ஒரு மாலை, இறுதியாண்டு மாணவர்களைக் கணினி முன் உட்காரவைத்து, இந்தத் தேர்வுகளின் தேதிகளையும் அந்த இரண்டு பக்க அறிவிப்புகள் எங்கே வருகின்றன என்பதையும் காட்டுங்கள். மாவட்டக் கல்லூரிகளில் படிக்கும் பல பிள்ளைகள் அப்படி ஓர் அறிவிப்பைக் கண்ணால் பார்த்ததே இல்லை.