கிளாட் தேர்வின் கடைசி மாதம்: கூட்டக்கூடிய மதிப்பெண்ணும் கேட்டுப் பெறக்கூடிய உரிமையும்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் பொதுச் சட்டச் சேர்க்கைத் தேர்வு, அதாவது கிளாட், 2008ஆம் ஆண்டு ஏழு பல்கலைக்கழகங்களுக்காகத் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கொரு பல்கலைக்கழகம் பொறுப்பேற்று நடத்திவந்த அத்தேர்வை, 2019ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அவற்றின் கூட்டமைப்பு நடத்துகிறது. திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலும் இத்தேர்வின் வழியாகவே சேர முடியும். அண்மை ஆண்டுகளில் தேர்வு டிசம்பரில் நடப்பதால், தமிழக மாணவர்களுக்கு அது அரையாண்டுத் தேர்வோடு மோதுகிறது. வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே அமைவதால், தமிழ்வழியில் படித்தவர்களின் சுமை இரட்டிப்பாகிறது. இந்த நெருக்கடியில் பிறக்கும் அச்சத்தை நம்பி ஒரு வணிகமே நடக்கிறது. கடைசி மாதத்தில் மதிப்பெண் உயர்வது மெய்யாகவே இயலும். ஆனால் அது புதிதாக ஒன்றை விலைக்கு வாங்குவதால் அன்று, தெரிந்ததை இழக்காமல் காப்பதால் நிகழ்கிறது என்பதை மாணவரும் பெற்றோரும் தெளிவாக உணர வேண்டியிருக்கிறது.

2024ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்விலிருந்து வினாக்களின் எண்ணிக்கை 150இலிருந்து 120ஆகக் குறைக்கப்பட்டது. நேரம் இரண்டு மணி, சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. நடப்பு நிகழ்வுகளும் சட்டத் தருக்கமும் தலா கால்பங்கு, ஆங்கிலமும் பொதுத் தருக்கமும் தலா ஐந்தில் ஒரு பங்கு, கணிதம் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் வினாக்கள் பிரிகின்றன. 2020 முதல் வினாக்கள் தனித்தனியாக இல்லாமல், சுமார் 450 சொற்கள் கொண்ட பத்திகளைச் சார்ந்தே அமைவதால், இது அடிப்படையில் ஒரு வாசிப்புத் தேர்வு. சட்டத் தருக்கம் என்னும் பகுதியும் சட்ட அறிவைச் சோதிப்பதன்று. பத்தியில் தரப்பட்ட விதியை, வினாவில் தரப்பட்ட நிகழ்வுக்குப் பொருத்திப் பார்க்கும் திறனையே அது சோதிக்கிறது. இரு தேர்வர்கள் சம மதிப்பெண் பெற்றால் அப்பகுதியின் மதிப்பெண்தான் முதலில் ஒப்பிடப்படும் என்பதால், எஞ்சிய நாட்களில் ஒரு பகுதிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டுமானால் அதற்கே ஒதுக்குவது பொருத்தம்.

இந்த அமைப்பே கடைசி மாதப் படிப்பின் முறையையும் முடிவு செய்துவிடுகிறது. பாடக்குறிப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பது தெரிந்துவிட்டது போன்ற நிறைவைத் தரும். ஆயினும் 2006ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், படித்தவுடன் சோதித்தபோது மறுவாசிப்புச் செய்தவர்களும், ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்களும் அதிகமாக நினைவுகூர்ந்தனர். ஆகவே நடப்பு நிகழ்வுகளின் தொகுப்பை ஐந்தாம் முறை புரட்டுவதைவிட, அதை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதே பயன் தரும். மாதிரித் தேர்வுகளும் எண்ணிக்கைக்காக எழுதப்படுபவையல்ல. 2020க்குப் பிந்தைய பழைய வினாத்தாள்களை, உண்மைத் தேர்வு நடக்கும் பிற்பகல் வேளையிலேயே, ஓ.எம்.ஆர். தாளில் வட்டங்களை நிரப்பி எழுதிப் பார்த்து, அதற்குச் செலவிட்ட நேரத்துக்குக் குறையாத நேரத்தைத் தவறுகளை ஆராய்வதற்கும் செலவிட வேண்டும். பத்தியைத் தவறாகப் புரிந்துகொண்டதா, வினாவிலுள்ள ‘அல்ல’ என்ற சொல்லைக் கவனியாததா, நேரம் போதாமையா, உண்மையிலேயே அறியாமையா என்று தவறுகளை வகைப்படுத்தினால், கடைசி வகை பலரும் அஞ்சுவதைவிடச் சிறியதாகவே இருக்கும். மற்ற மூன்றும் சில வாரங்களில் திருத்தக்கூடியவை.

கழிவு மதிப்பெண்ணைப் பற்றிய தவறான அச்சமும் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு 16 வினாக்களுக்குக் குறித்தால், சராசரியாக 4 சரியாகவும் 12 தவறாகவும் அமைந்து, நிகரமாக 1 மதிப்பெண் மட்டுமே மிஞ்சும். அதிர்ஷ்டம் சற்றுப் பிசகினால் அதுவும் நட்டமாகிவிடும். அதே 16 வினாக்களிலும் பொருந்தாத இரு விடைகளை முதலில் நீக்கிவிட்டு எஞ்சிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால், 8 சரி, 8 தவறு எனச் சராசரியாக நிகரம் 6 மதிப்பெண் கிடைக்கும். எனவே ‘உறுதியாகத் தெரியாததைத் தொடாதே’ என்ற அறிவுரை இத்தேர்வுக்குப் பொருந்தாது. ஒரு விடையையேனும் காரணத்தோடு நீக்க முடிந்தால் குறிப்பதே கணக்கு. கணிதப் பகுதியில் விகிதம், சதவீதம், சராசரி போன்ற பத்தாம் வகுப்பு அளவிலான கணக்குகளே வருவதால், அதை முற்றாகக் கைவிடுவது ஏறத்தாழ 12 மதிப்பெண்ணை வீணாக்குவதாகும்.

அச்சத்தை நம்பிய வணிகத்துக்கு வருவோம். ‘முப்பது நாளில் தேர்ச்சி உறுதி’ என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்களுக்கு எதிராகச் சட்டம் இன்று வாய் மூடி இருக்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் இயங்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், தேர்ச்சியையோ தரவரிசையையோ உறுதியளிக்கும் பொய்யான விளம்பரங்களைத் தடை செய்ததோடு, வெற்றி பெற்ற மாணவரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த, அவர் வெற்றி பெற்ற பின்னரே எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும் என்றும், அவர் படித்தது எந்த வகுப்பு, எவ்வளவு காலம் என்பதை விளம்பரத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. முதலிடம் பெற்றவர் அந்நிலையத்தின் ஒரு மாதிரி நேர்காணலிலோ இலவச மாதிரித் தேர்விலோ மட்டும் பங்கேற்றிருக்கக்கூடும் என்பதால் இவ்விதி முக்கியமானது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதல், முழுக் கட்டணம் செலுத்திய மாணவர் இடையில் விலகினால் எஞ்சிய காலத்துக்கான தொகையைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆகவே பணம் கட்டுமுன் விலகல் நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்குவதும், ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்துவதும் அவசியம். தகராறு எழுந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கே தீராதபோது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். தேர்வுக்கு முந்தைய இரவுகளில் ‘வினாத்தாள் கிடைக்கும்’ என்று டெலிகிராமில் பணம் கேட்போரிடம் ஏமாந்தவர்கள், வெட்கத்தால் மறைக்காமல், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்தால்தான் பணத்தை முடக்க வாய்ப்புண்டு.

மாற்றுத்திறன் கொண்ட தேர்வர்களின் உரிமை இதைவிட அடிப்படையானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன்படி எழுதுவதற்குத் துணையாளரும் கூடுதல் நேரமும் கேட்பது சலுகை கோருவதன்று. சான்றிதழில் 40 சதவீதம் என்ற அளவை எட்டாதவருக்கும், குறைபாடு எழுதும் திறனைப் பாதித்தால் துணையாளர் வசதி மறுக்கப்படக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கான மருத்துவச் சான்றையும் விண்ணப்பத்தையும் அறிவிக்கையில் குறிப்பிட்ட நாளுக்குள் தராவிட்டால் தேர்வறை வாசலில் வாதாடிப் பயனில்லை என்பதால், கடைசி மாதத்தின் முதல் வேலையாக இதையே கொள்ள வேண்டும்.

தேர்வு எழுதியதோடு மதிப்பெண்ணின் கதை முடிந்துவிடுவதில்லை. கூட்டமைப்பு தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாட்களே அவகாசம் தருகிறது; ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் கட்டணம் உண்டு. 1983இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் செல்லும்: விடைக்குறிப்பு சரியென்றே கொள்ளப்படும், அது தவறென்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினால் மட்டுமே நீதிமன்றம் தலையிடும். அப்படித் தலையிட்டதற்கு அண்மைச் சான்றும் இருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று நடந்த தேர்வில் சில விடைகள் தவறென்று எழுந்த வழக்குகள் டெல்லி உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றத்தை எட்டின; 2025 மே 7 அன்று அளித்த தீர்ப்பில், வினாக்கள் அசட்டையாகத் தயாரிக்கப்படுவதைக் கண்டித்த நீதிபதிகள், சில வினாக்களில் திருத்தம் செய்து, மதிப்பெண்களை மறுபடி கணக்கிட்டுத் தேர்ச்சிப் பட்டியலை வெளியிட ஆணையிட்டனர். வினாத்தாளையும், ஓ.எம்.ஆர். தாளின் நகலையும், தாம் குறித்த விடைகளின் பட்டியலையும் தேர்வு நாள் மாலையே பத்திரப்படுத்திய தேர்வருக்கே இத்தகைய வழி திறக்கும்.

கனவு நிறைவேறாவிட்டாலும் சட்டக் கல்வியின் கதவு மூடிவிடுவதில்லை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதனோடு இணைந்த அரசு சட்டக் கல்லூரிகளும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் அடிப்படையிலேயே ஐந்தாண்டுப் படிப்பில் சேர்க்கின்றன. கிளாட் தேர்வுக்கு வயது உச்சவரம்பும் இல்லை. தூக்கமின்மையோ நம்பிக்கையின்மையோ மாணவரை அழுத்தும்போது, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசகரிடம் கட்டணமின்றிப் பேசலாம். அந்த எண்ணை நுழைவுச்சீட்டின் அச்சுப் பிரதியோடு வீட்டில் எழுதி வைப்பது பெற்றோரின் பொறுப்பு.