ஆச்சியின் அடுக்களைக்குள் எட்டிப் பார்ப்போமா!

வாங்க, வாங்க, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நேரே பின்கட்டுக்கு வந்துவிடுங்கள்! நாசரேத் பக்கத்து ஊர்களில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் முன்வாசலில் நட்சத்திரம் தொங்கும். ஆனால் கொண்டாட்டமெல்லாம் அடுக்களையில்தான்! முந்திரிக்கொத்து நேற்றே முடிந்துவிட்டது. இன்றைக்கு அச்சு முறுக்கு. சென்னைக்காரர்கள் ரோஸ் குக்கீஸ் என்பார்களே, அதேதான்.

அடுப்பு மூட்டுவதற்குள் இந்த நோட்டைப் பாருங்கள். நீல மை, ஆச்சியின் கையெழுத்து, பக்கமெல்லாம் எண்ணெய்ப் பொட்டு. பால் கணக்குக்கும் பேரப்பிள்ளைகள் பிறந்த தேதிகளுக்கும் நடுவே எழுதியிருக்கிறாள்: பச்சரிசி மாவு 2 உழக்கு, சீனி 1 உழக்கு, முட்டை 2, தேங்காய் 1, எள், உப்பு ஒரு கிள்ளு. அவ்வளவுதான், செய்முறை ஒரு வரிகூடக் கிடையாது! ஆனால் ஓரத்தைப் பாருங்களேன், புதையலே அங்கேதான் இருக்கிறது. "அடமழ. மாவு உலரல. பால் கொறச்சேன்." அதற்குக் கீழே வேறொரு மையில், "இந்த வருசம் நல்ல வெயில். பால் கூட விட்டேன்."

வடகிழக்குப் பருவமழை ஓயாத டிசம்பரில், ஊறவைத்து இடித்த அரிசிமாவு எவ்வளவு ஈரம் வைத்திருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் தேங்காய்ப்பால் விட முடியும். வருசா வருசம் வானத்தைப் பார்த்து ஆச்சி திருத்திக்கொண்டே வந்த குறிப்பு இது. எந்தச் சமையல் புத்தகத்தைக் கொடுத்தாலும் இந்தப் பக்கத்தை நான் விட்டுத்தர மாட்டேன்!

எண்ணெய் காய்கிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். ஆச்சி உட்கார்ந்த மணையில் இப்போது பெரியம்மா. கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம், பிறகு பித்தளை அச்சு எண்ணெய்க்குள் இறங்குகிறது. அது அங்கேயே கிடந்து நன்றாகச் சூடேற வேண்டும். சூடான அச்சை மாவில் வைத்ததும் 'சொய்ங்' என்று ஒரு சத்தம், கேட்டீர்களா? தொட்ட இடத்து மாவு அந்தச் சூட்டில் லேசாக வெந்து அச்சோடு ஒட்டிக்கொள்கிறது. அச்சு ஆறியிருந்தால் மாவு வழிந்து ஓடிவிடும். மாவும் தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும்.

இனிமேல்தான் வித்தை! அச்சை முக்கால்வாசிதான் முக்கலாம். மேல்விளிம்பையும் மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொண்டு கழன்றே வராது. "முழுசா முக்கிராத மக்கா, தல வெளிய தெரியணும்!" என்று ஆச்சி போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். எண்ணெயில் சற்று நேரம் பிடித்து மெல்ல ஓர் உதறு உதறினால், பூ தனியே கழன்று மிதக்கும்! அதைக் கண்டதும் அந்தக் காலத்தில் நாங்கள் கத்துவோம். இன்றைக்கும் கத்துகிறோம், நரைத்த தலைகள் உட்பட.

முழுசாக வந்த முறுக்கெல்லாம் டின்னுக்கு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு, ராத்திரி கேரல் பாட வருகிறவர்களுக்கு. உடைந்தது மட்டுமே பிள்ளைகளுக்கு. இது வீட்டுச் சட்டம். நாங்கள் வாய் பார்த்துக்கொண்டு நிற்போம். ஆச்சி சுற்றுமுற்றும் பார்ப்பாள். நல்ல முறுக்கு ஒன்றைச் சுண்டுவிரலால் ஒரு தட்டு. "அய்யய்யோ, ஒடஞ்சி போச்சே!" அந்த மாதிரி உடைந்தவை எத்தனை எத்தனை! அந்த வீட்டில் அவ்வளவு ஆசையோடு எங்களைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

இன்னொரு சந்தோஷச் சேதி. அச்சு முறுக்குக்கு உலகமெங்கும் சொந்தக்காரர்கள்! கேரளத்தில் அச்சப்பம், இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ். நார்வேயிலும் கிறிஸ்துமஸுக்கு இதே மாதிரி அச்சில் பூப்பூவாகச் சுடுகிறார்கள், அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் இல்லாமல், மைதாவும் பாலும் வைத்து. ஆச்சிக்கு இது தெரிந்திருந்தால் "அங்கயும் மழையா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பாள்.

டின்னை இப்போதே மூடிவிடாதீர்கள். சூடு முழுக்க ஆறாமல் மூடினால் ஆவி தங்கி எல்லாம் நமுத்துப்போகும். அச்சுக்குச் சோப்பும் ஆகாது. மாவுப் பிசிறைச் சுரண்டி, துணியால் துடைத்து, எண்ணெய் தடவித் தாளில் சுற்றவேண்டும். சுற்றியாகிவிட்டது! சித்தி வீட்டுப் பையன் சைக்கிளோடு வாசலில் நிற்கிறான். நாளைக்கு அங்கே எண்ணெய் காயும். உடைந்த முறுக்குக்கு நான் முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டேன்!