மூலிகைத் தோட்டமும் பெயர்க் குழப்பமும்

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அரச வைத்தியசாலைகளிலேயே மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நிலவியமையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு மூலிகைத் தோட்டம் வேண்டும் என்னும் குரல் அத்தகைய நாட்களில் உரத்து ஒலிப்பது இயல்பே. அக்குரலை நாமும் வரவேற்கிறோம். ஆயினும், நாற்றுமேடை அமைப்பதற்கு முன்னர் தீர்த்துக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. நம் கையிலுள்ள செடி, நாம் எண்ணிக்கொண்டிருக்கும் செடிதானா?

மும்மொழிகள் புழங்கும் இந்நாட்டில் இவ்வினா மேலும் சிக்கலாகின்றது. இருமலுக்கு நாம் அவித்துக் குடிக்கும் ஆடாதோடையைச் சிங்கள மக்கள் பாவட்டா என்றும் வழங்குவர். தமிழில் பாவட்டை என்பதோ வெண்ணிறப் பூங்கொத்துகளையுடைய வேறொரு செடி. எமது வல்லாரையை வட இந்தியாவின் சில பகுதிகளில் பிரமி என்பர். நமக்கோ பிரமி என்பது ஈரநிலத்தில் படரும் நீர்ப்பிரமி. கையாந்தகரையின் நிலை இன்னும் மோசமானது. வெண்பூக் கையாந்தகரை ஒன்று, மஞ்சட்பூவையுடைய பொற்றலைக் கையாந்தகரை வேறொன்று. இவற்றுக்கிடையே, அழகுக்காக வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு வாய்க்கால் ஓரங்களையெல்லாம் மூடிவிட்ட மஞ்சட்பூக் கொடியும் பொற்றலையைப் போலவே தோற்றமளிக்கின்றது.

இக்குழப்பத்துக்குத் தீர்வாகவே தாவரவியலாளர் இலத்தீன் பெயர்களைக் கையாளுகின்றனர். அம்மரபில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1672 முதல் 1677 வரை இங்கு பணியாற்றிய போல் ஹேர்மான் திரட்டி உலர்த்திய செடிகளைக் கொண்டே, கார்ல் லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். 1753 இல் அவர் ஆடாதோடைக்கு இட்ட பெயர் 'ஜஸ்டீசியா ஆடாதோடா'. நம் வாய்ச்சொல்லே இலத்தீனாகி உலகைச் சுற்றி வந்திருக்கின்றது! இலத்தீன் பெயர் எதற்கு என்று கேட்போர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

பெயர் மாறினால் பயன் கிட்டாது என்பதோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. கார்த்திகைக் கிழங்கை எடுத்துக்கொள்வோம். கலப்பைபோல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு எனவும் பெயர் பெற்ற இதனைச் சிங்களத்தில் நியங்கலா என்பர். வள்ளிக்கிழங்கு என நினைத்து இதனை அவித்துண்டு உயிராபத்துக்கு உள்ளானோர் உளர். இதிலுள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு அவிப்பதால் அழிவதில்லை. உண்டு சில மணி நேரம் கழிந்த பின்னரே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்குவதால், உணவு ஒவ்வாமை என்றெண்ணி வாளாவிருந்து விடுவதும் உண்டு. அதே கொல்சிசின், அளவறிந்து கொடுக்கப்படும்போது மூட்டுவாதத்தின் ஒருவகைக்கு மேலைத்தேய வைத்தியத்தில் மருந்தாகின்றது. சித்த வைத்தியரும் சுத்தி செய்த பின்னரே இக்கிழங்கைக் கையாள்வர். தோட்டத்தில் அழகுக்கு நட்டவர்கள் அதனைக் கிழங்குப் பாத்திக்கு அருகில் வைத்தல் தகாது.

சரியான செடியும் சரியான நோய்க்கே உதவும். மாரி மழையோடு முற்றத்தில் தானாக முளைக்கும் கீழ்க்காய்நெல்லியைச் சமூலமாக, அதாவது வேர் முதல் காய் வரை முழுச் செடியாக, அரைத்து மோரிற் கலந்து மஞ்சட்காமாலைக்குக் கொடுப்பது நம் வழக்கம். இலைக்காம்பின் கீழே சிறு காம்புடன் தொங்கும் வழவழப்பான காய்களே இதன் அடையாளம். தண்டு செந்நிறமாகவும் காய் காம்பின்றிச் சொரசொரப்பாகவும் இருப்பின் அது அதன் உறவுச் செடி. 1988 இல் சென்னை ஆய்வாளர்கள் ஈரலழற்சி பீ நோய்க்கு இம்மூலிகை நற்பயன் தந்ததாக லான்செற் சஞ்சிகையில் எழுதியபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. பின்வந்த ஆய்வுகள் பல அதே பெறுபேற்றைத் தரவில்லை. இதனைச் சொல்வது சித்த வைத்தியத்தைக் குறைகூறுவதற்காகவன்று. கண் மஞ்சளாவதற்குப் பித்தக்கல்லும் காரணமாகலாம், எலிக்காய்ச்சலும் காரணமாகலாம். 2024 டிசம்பரில் யாழ். குடாநாட்டில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் காவுகொண்டதை நாம் கண்டோம். வயலில் இறங்கிய ஒருவருக்குக் காய்ச்சலுடன் கண் மஞ்சளாகும்போது, முற்றத்துச் செடியை அரைத்துக்கொண்டிருக்கும் நேரம் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய நேரமாகும். கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்த்தல் வேண்டும் என்பதும் அறியப்பட வேண்டியதே. கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பு அதற்குண்டு.

தோட்டம் அமைப்பது கடினமான காரியமன்று. வல்லாரை ஓடிகளால் தானே பரவும். ஈரமும் சிறிது நிழலும் போதும். ஆடாதோடையை வெட்டுத்துண்டுகளால் வேலியோரம் நட்டுவிடலாம், ஆடு கடிக்காது. கீழ்க்காய்நெல்லிக்கு விதை சிந்தினாற் போதும். கன்றை வாங்குமுன் அறிந்த வைத்தியர் ஒருவரிடம் பூவும் காயுமாகக் காட்டி உறுதிசெய்து கொள்ளலே முக்கியம். பூவில்லாத நாற்றைப் பார்த்து அனுபவசாலிகளும் ஏமாறுவதுண்டு. கன்றுகளை விநியோகிக்கும் அரச நிறுவனங்களும் பாடசாலைகளும் தமிழ், சிங்களம், இலத்தீன் ஆகிய மூன்று பெயர்களையும், பயன்படும் உறுப்பையும், ஆகாதவர் யார் என்பதையும் எழுதிக் கட்டியே கொடுத்தல் வேண்டும். மையால் எழுதிய அட்டை ஒரு மாரிக்கே அழிந்துபோகும். தகரத் துண்டில் ஆணியாற் கீறிய எழுத்துப் பல ஆண்டுகள் நிற்கும்.