சதுரங்கத் திறப்புகளைக் காணொளி வழி கற்றல்

சதுரங்க ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்கள் திறப்பு எனப்படும். காய்களை வெளியே கொண்டுவருவது, நடுக்கட்டங்களைப் பிடிப்பது, கோட்டை கட்டி அரசனைப் பாதுகாப்பது ஆகியவை இக்கட்டத்தின் வேலைகள். முன்பு இவற்றை நூல்களிலிருந்தோ பயிற்சியாளரிடமோ கற்றனர். இன்று பலர் யூடியூப் காணொளிகளிலிருந்தே தொடங்குகின்றனர்.

திரை வழியாகச் சதுரங்கம் கற்பது புதிதன்று. விசுவநாதன் ஆனந்த் 1970களின் இறுதியில் சிறுவனாக மணிலாவில் வசித்தபோது, அங்கு பகலில் ஒரு சதுரங்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அவர் பள்ளியில் இருக்கும் நேரம் அது. தாயார் சுசீலா அதில் வரும் ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் பலகையில் காய்களை அடுக்கி விடை தேடுவர். நிகழ்ச்சியைப் பார்க்காமலே அதிலிருந்து கற்றார் என்றுகூடச் சொல்லலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் சதுரங்கக் காணொளி என்றால் 2022ஆம் ஆண்டின் நடனக் காணொளியே பலருக்கு நினைவுக்கு வரும். மாமல்லபுரத்தில் அவ்வாண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடை முன்னிட்டு மாவட்ட நிர்வாகம் அதை வெளியிட்டது. அன்றைய ஆட்சியரும் பரதநாட்டியக் கலைஞருமான கவிதா ராமு வடிவமைத்த அக்காணொளியில் காய்கள் உயிர்பெற்று ஆடுகின்றன. ஆர்வத்தைத் தூண்ட அது போதும்; ஆடக் கற்க வேறு வகைக் காணொளி வேண்டும். பெயர்பெற்ற பயிற்சியாளர்கள் பலர் சென்னையில் இருப்பதால், அறந்தாங்கியிலோ திருமயத்திலோ உள்ள மாணவருக்குக் கைப்பேசியே முதல் ஆசிரியராக அமையக்கூடும். அந்த ஆசிரியர் கேள்வி கேட்பதில்லை. மாணவர் எதைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதும் அதற்குத் தெரியாது.

இத்தாலியத் திறப்பை ஒட்டி எழும் ஃபிரைட் லிவர் தாக்குதல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளை தன் குதிரையையும், பிஷப் எனப்படும் அமைச்சரையும் கொண்டு கருப்பு அரசனுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிப்பாயைக் குறிவைக்கிறது. அதற்கு அரசனைத் தவிர வேறு காவல் இல்லை. கருப்பு நடுவில் ஒரு சிப்பாயை முன்தள்ளி அமைச்சரின் வழியை மறிக்கிறது. வெள்ளை அதை வெட்டுகிறது. கருப்பு உடனே குதிரையால் திருப்பி வெட்டினால், வெள்ளை தன் குதிரையைப் பலிகொடுத்து, கருப்பு அரசனை வெளியே இழுத்து, அரசியால் துரத்தத் தொடங்கும். காணொளி பெரும்பாலும் இந்த வெற்றியோடு முடிந்துவிடும். விவரமறிந்த எதிராளியோ திருப்பி வெட்டமாட்டார். மற்றொரு குதிரையைப் பலகையின் ஓரத்துக்கு நகர்த்தி அமைச்சரைத் தாக்குவார். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் கருப்புக் காய்கள் விரைவாக வெளியே வந்துவிடும். நகர்த்தல்களை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே திகைத்து நிற்பார்.

ஆகவே காணொளியை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் நிறுத்தி, அடுத்தது எதுவாக இருக்கும், ஏன் என்று ஊகித்த பிறகே தொடர்வது நல்லது. அருகில் உண்மையான பலகை இருந்தால் இன்னும் நல்லது. எட்டே நகர்த்தலில் வெற்றி என்பதுபோன்ற தலைப்புகளைச் சற்றுச் சந்தேகத்துடன் அணுகவேண்டும். அவை எதிராளியின் தவறை நம்பியவை. நேரம் மிகுந்த போட்டிகளில் வீரர்கள் நகர்த்தல்களைத் தாளில் குறிப்பது கட்டாயம். அத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, காணொளியில் கண்டதிலிருந்து ஆட்டம் முதலில் விலகிய இடத்தைத் தேடலாம். லிச்செஸ் தளத்தில் அந்த நிலையை அமைத்து, பிறர் அங்கே என்ன ஆடினர் என்று கட்டணமின்றிப் பார்க்க முடியும்.