தேஜஸா, சுகோயா? தமிழ்நாட்டில் நிற்கும் 2 போர் விமானங்கள்... எது எந்த வேலைக்கு?

தொப்பூர் கணவாயில் வண்டி ஓட்டுபவரிடம் போய், "குட்டி யானை நல்ல வண்டியா, 16 சக்கர லாரி நல்ல வண்டியா?" என்று கேட்டால் சிரிப்பார். என்ன சரக்கு, எவ்வளவு தூரம் என்று திருப்பிக் கேட்பார். போர் விமானத்துக்கும் இதே கேள்விதான்.

கோவையிலிருந்து சேலம், தொப்பூர், தருமபுரி, ஓசூர் வழியாக பெங்களூரு போகும் நெடுஞ்சாலையின் ஒரு முனையில் சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கே நிற்பது தேஜஸ். மறுமுனையான பெங்களூருவில்தான் அதைத் தயாரிக்கும் எச்.ஏ.எல். நிறுவனத்தின் தலைமையகம். இன்னொரு பக்கம், தஞ்சாவூர் தளத்தில் நிற்பது சுகோய்-30 எம்கேஐ. இரண்டில் எது சிறந்தது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எப்போது வந்தன?

தேஜஸ் முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4-ல். விமானப்படையின் முதல் தேஜஸ் ஸ்குவாட்ரன் 2016 ஜூலையில் பெங்களூருவில் தொடங்கி, 2018-ல் சூலூருக்கு வந்தது. இரண்டாவது ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் சூலூரிலேயே தொடங்கப்பட்டது.

சுகோய்-30 எம்கேஐ ரஷ்ய வடிவமைப்பு. 2002-ல் விமானப்படையில் சேர்ந்தது. பிறகு உரிமம் பெற்று நாசிக்கில் எச்.ஏ.எல். தயாரித்தது. தஞ்சாவூரில் 'டைகர்ஷார்க்ஸ்' என்ற 222-வது ஸ்குவாட்ரன் 2020 ஜனவரி 20-ல் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் சுகோய் ஸ்குவாட்ரன் இதுதான்.

அளவில் என்ன வித்தியாசம்?

தேஜஸ்: நீளம் 13.2 மீட்டர். இன்ஜின் ஒன்று, விமானி ஒருவர். அதிகபட்ச எடை 13.5 டன். வேகம் ஒலியைப் போல 1.6 மடங்கு.

சுகோய்: நீளம் கிட்டத்தட்ட 22 மீட்டர். இன்ஜின் இரண்டு, விமானிகள் இருவர். அதிகபட்ச எடை 38.8 டன். வேகம் ஒலியைப் போல ஏறக்குறைய 2 மடங்கு.

அதாவது, முழு பாரத்தோடு நிற்கும் ஒரு சுகோய், கிட்டத்தட்ட மூன்று தேஜஸ் எடை!

தஞ்சாவூரில் ஏன் சுகோய்?

காரணம் கடல். தஞ்சாவூரிலிருந்து கிளம்பினால் வங்கக்கடல், இந்தியப் பெருங்கடல் இரண்டும் எட்டும் தூரம். நடுவானில் எரிபொருள் நிரப்பாமலே சுகோய் சுமார் 3,000 கிலோமீட்டர் பறக்கும். அதோடு, விமானத்தில் இருந்து ஏவப்படும் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்றின் எடை மட்டும் 2.5 டன். அதைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு மேல் நெடுந்தூரம் போய் கப்பலைத் தாக்க, பெரிய விமானம்தான் வேண்டும். தேஜஸால் இந்த பிரம்மோஸைச் சுமக்க முடியாது.

இன்னொரு விஷயம், இரண்டு இன்ஜின். நடுக்கடலில் ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்றை வைத்துத் திரும்பி வர வாய்ப்பு உண்டு. தேஜஸில் அந்த வாய்ப்பு இல்லை.

அப்படின்னா தேஜஸ் எதற்கு?

சின்னதாக இருப்பதே அதன் பலம். உடல் எடையில் சுமார் 45 சதவீதம் உலோகம் அல்ல, கார்பன் இழை போன்ற கூட்டுப்பொருள். அதனால் எடை குறைவு, எதிரி ரேடாரில் தெரிவதும் குறைவு. எல்லைக்குப் பக்கத்தில் வான் பாதுகாப்பு, தரைப்படைக்கு உதவி என்று அன்றாட வேலைகளுக்கு இது போதும். அடுத்த வடிவமான மார்க் 1ஏ-வில் நவீன ஏஇஎஸ்ஏ ரேடாரும் வருகிறது.

செலவும் ஒரு காரணம். 2021-ல் 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்குப் போட்ட ஒப்பந்தம் சுமார் 48,000 கோடி ரூபாய். 2024 டிசம்பரில் 12 சுகோய்களுக்குப் போட்டது சுமார் 13,500 கோடி. வகுத்துப் பார்த்தால் தேஜஸ் ஒன்றுக்கு 580 கோடி, சுகோய் ஒன்றுக்கு 1,125 கோடி. ஒப்பந்த ஆண்டும் அதில் அடங்கும் கருவிகளும் வேறு வேறு என்பதால் இது துல்லியமான ஒப்பீடு அல்ல. ஆனாலும் ஒரு சுகோய் விலையில் கிட்டத்தட்ட இரண்டு தேஜஸ் என்பது புரியும்.

பாதுகாப்பு எப்படி?

முதன்முதலில் பறந்ததிலிருந்து 23 ஆண்டுகள் தேஜஸ் ஒன்றுகூட விழவில்லை. முதல் விபத்து 2024 மார்ச்சில் ஜெய்சால்மர் அருகே நடந்தது. விமானி உயிர் தப்பினார். 2025 நவம்பர் 21-ல் துபாய் விமானக் கண்காட்சியில் சாகசம் செய்தபோது ஒரு தேஜஸ் விழுந்து, சூலூரில் பணியாற்றிய விங் கமாண்டர் ஒருவர் உயிரிழந்தார். அவரது உடல் சூலூருக்குத்தான் முதலில் கொண்டுவரப்பட்டது. சுகோய்களும் இதுவரை பத்துக்கும் மேல் விபத்தில் சிக்கியுள்ளன. ஆனால் அவை 250-க்கும் அதிகமாக, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பறக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உண்மையான சிக்கல் எங்கே?

எது சிறந்தது என்பதை விட, போதுமான அளவு இருக்கிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி. விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டது 42 ஸ்குவாட்ரன். 2025 செப்டம்பர் 26-ல் மிக்-21 ஓய்வு பெற்றபோது அது 29 ஆகக் குறைந்தது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது தேஜஸ். 83-க்கு மேல் இன்னும் 97 விமானங்களுக்கும் 2025 செப்டம்பரில் ஒப்பந்தம் போடப்பட்டது. ஆனால் 2024-லேயே வரத் தொடங்கியிருக்க வேண்டிய மார்க் 1ஏ தள்ளிப்போனது. அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திலிருந்து வர வேண்டிய இன்ஜின் தாமதமானது முக்கியக் காரணம். 99 இன்ஜின்களில் முதலாவது வந்ததே 2025 மார்ச்சில்தான். விமானம் நம்முடையது, இன்ஜின் இன்னொருவருடையது என்றால் இப்படித்தான் காத்திருக்க வேண்டும்.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. மார்க் 1ஏ-வுக்காக கோவையில் எல் அண்ட் டி ஆலையில் தயாரான முதல் தொகுதி இறக்கைகள் 2025 ஜூலையில் எச்.ஏ.எல். வசம் ஒப்படைக்கப்பட்டன. 2019-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவை, சேலம், ஓசூர் மூன்றும் இதே சாலையில் இருக்கின்றன. சேலத்துக்கும் ஓசூருக்கும் நடுவில்தான் தொப்பூர்.

ஆக, எது சிறந்தது?

கடல் தாண்டிப் போய் கனமான ஏவுகணையால் அடிக்க வேண்டுமா? சுகோய். குறைந்த செலவில், அதிக எண்ணிக்கையில், நம் வானத்தைக் காக்க வேண்டுமா? தேஜஸ். குட்டி யானையும் வேண்டும், லாரியும் வேண்டும். இரண்டுமே நேரத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் முக்கியம்.