ஒரு சிறு நூலும் பல மொழிகளும்



நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய கடைசி ஊர் நீலகிரி மலையின் அடிவாரத்தில் உள்ளது. ஒருநாள் எட்டாம் வகுப்பில் அச்சுக்கலையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருளர் குடியிருப்பிலிருந்து வரும் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டுப் பேச்சில் முதலில் அச்சான புத்தகம் எது?" என்று கேட்டாள். நெடுங்காலம் பிறரைக் கேள்வி கேட்டே பழகியவன் நான். அன்று விடை சொல்ல இயலாமல் நின்றேன். அவள் கையில் எடுத்துக் கொடுக்க ஓர் ஏடுகூட என்னிடம் இல்லை.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அக்கேள்வி என்னை விடவில்லை. மற்ற மொழிகளுக்கு முதல் நூல் எவ்வாறு வந்து சேர்ந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்போது எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. பால்டிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் மொழிக்கு மொழி போய்ப் பார்த்தால், முதல் நூலாகவோ முதல் சில நூல்களுள் ஒன்றாகவோ நிற்பது பெரும்பாலும் ஒரே வகை நூல்தான். அது லுத்தர் வழித் திருச்சபையினர் வெளியிட்ட ஞானோபதேசம் என்னும் வினாவிடைச் சிறு நூல். ஒரு சமயத்தாரின் போதனை நூல், பல மொழிகளுக்கு அரிச்சுவடியாகவும் அமைந்தது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஜெர்மானிய நாட்டின் சாக்சனிப் பகுதியில் 1528ஆம் ஆண்டு மார்ட்டின் லுத்தர் ஊர் ஊராகச் சென்று சபைகளைப் பார்வையிட்டார். நம் நாட்டுப் பள்ளி ஆய்வாளர் பள்ளிகளைப் பார்வையிடுவது போன்ற பணிதான் அது. கண்ட காட்சி அவரை வருத்தியது. குடியானவர்களுக்குத் தம் சமயத்தின் அடிப்படைகள் தெரியவில்லை. கற்பிக்க வேண்டிய குருமாரிலும் பலருக்குத் தெரியவில்லை. ஊர் திரும்பிய அவர், 1529ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வீட்டுச் சுவரில் தொங்கவிடத்தக்க பெரிய தாள்களாக முதற்பாடங்களை விட்டன்பர்க் நகரில் அச்சிடச் செய்தார். அவ்வாண்டிலேயே அவை சிறு நூலாகவும் வெளிவந்தன. பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து முதலியவை அதில் அடங்கும். ஒவ்வொரு பகுதிக்கும் அடியில், இதன் பொருள் யாது என்னும் வினா வரும். பிள்ளை சொல்லவேண்டிய விடை அதன் கீழே இருக்கும்.

ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இந்நூலின் அமைப்பு என்னை ஈர்த்தது. சுவரில் தொங்கும் படம், குறுகிய பாடம், வினா, விடை ஆகிய இவற்றையெல்லாம் எங்கள் பயிற்சிப் பள்ளியில் புதிய முறைகள் என்று சொல்லிக் கொடுத்தார்கள்! லுத்தர் தம் முன்னுரையில் ஆசிரியருக்கு ஓர் அறிவுரையும் கூறுகிறார். ஒரே வாசகத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு சொற்களை மாற்றினால் இளம் பிள்ளைகள் குழம்புவார்கள் என்பது அதன் கருத்து. முதலில் மனப்பாடம், பிறகு பொருள் என்பதே அவர் வகுத்த வரிசை. இதில் ஆபத்தும் உண்டு. பொருளுக்கும் விடையை அச்சிட்டுக் கொடுத்துவிட்டால், பிள்ளை அதையும் மனப்பாடம் செய்துவிடும் அல்லவா? என் வகுப்புகளிலும் அதைக் கண்டிருக்கிறேன்.

இந்நூலின் நோக்கம் வீட்டில், தாய் தந்தையர் வாயால் கற்பிப்பது. அப்படியானால் அது வீட்டு மொழியில் இருந்தாக வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்கியது. பல வீட்டு மொழிகளுக்கு எழுதும் வழக்கமே இல்லை.

எஸ்தோனிய மொழிக்கான லுத்தரிய ஞானோபதேசம் 1535ஆம் ஆண்டு விட்டன்பர்க்கில் அச்சானது. சைமன் வான்ராட் என்பவர் ஜெர்மனில் எழுத, யோகான் கோயல் என்பவர் எஸ்தோனிய மொழியில் பெயர்த்தார். பிழைகள் மலிந்தது என்று தாலின் நகரத்தார் அதன் விற்பனையைத் தடுத்துவிட்டனர். அந்நூல் அடியோடு மறைந்தது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குப் பின், 1929இல், வேறொரு பழைய நூலின் அட்டைக்குள் ஒட்டப்பட்டிருந்த சிதைந்த தாள்களாக அது கண்டெடுக்கப்பட்டது. பிழை என்று தள்ளப்பட்ட அத்தாள்களை எஸ்தோனியர் இன்று பொன்போல் காக்கின்றனர். பிழை திருத்தும் சிவப்பு மையை வாழ்நாளெல்லாம் தாராளமாகச் செலவிட்ட என் போன்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பின்லாந்தில் மிக்கேல் அக்ரிகோலா என்னும் அறிஞர் இருந்தார். அவர் விட்டன்பர்க்கில் லுத்தரிடமே பயின்றவர். 1543இல் அவர் வெளியிட்ட சிற்றேட்டில் முதலில் எழுத்துவரிசை, அடுத்து ஞானோபதேசம். பின்னிய மொழியில் அச்சேறிய முதல் நூல் அதுவே. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் புதிய ஏற்பாட்டையும் அவர் பெயர்த்து வெளியிட்டார். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று அவருக்கு வழிகாட்ட எவரும் இல்லை. இலத்தீன், ஜெர்மன், சுவீடிஷ் ஆகிய மூன்றின் வழக்கங்களையும் கலந்து எழுதினார். ஒரே ஒலியை ஓரிடத்தில் ஓர் எழுத்தாலும் வேறிடத்தில் வேறெழுத்தாலும் குறித்தார். அவர் மறைந்த ஏப்ரல் 9ஆம் நாளைப் பின்லாந்து மக்கள் தம் மொழியின் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

நூல் வந்தால் போதுமா? படிப்பார் வேண்டுமே! அன்று பின்லாந்து சுவீடன் அரசின் கீழ் இருந்தது. 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் மக்கள் அனைவரும் படிக்கக் கற்கவேண்டும் என்று விதித்தது. போதகர் ஆண்டுதோறும் வீடுகளைக் கூட்டி, எசமானர் முதல் பணிப்பெண் வரை ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பேரேட்டில் குறித்துக்கொண்டார். ஞானோபதேசம் அறியாதவருக்குத் திருமணம் செய்து வைக்கமாட்டார்கள்! இந்த அச்சுறுத்தலை நான் புகழமாட்டேன். ஆனால் பள்ளிக்கூடங்கள் பரவுவதற்கு முன்பே அந்நாட்டுக் குடியானவர் வாசிக்கக் கற்றுவிட்டனர் என்பதும் உண்மை. எழுதத் தெரிந்தவர் மட்டும் நெடுங்காலம் சிலராகவே இருந்தனர். தேர்வில் கேட்காததை யார் கற்பார்?

இனிக் கேனிக்ஸ்பர்க் என்னும் நகருக்கு வருவோம். இன்று அது ருஷ்யாவைச் சேர்ந்த கலினின்கிராட். அன்று பிரஷ்யக் கோமகன் ஆல்பிரெக்டின் தலைநகர். 1525இல் அக்கோமகன் லுத்தரின் வழியைத் தம் நாட்டின் சமயமாக்கினார். ஹான்ஸ் வைன்ரைக் என்பவரின் அச்சகம் அந்நகரில் இருந்தது. 1547இல் அங்கிருந்துதான் லித்துவேனிய மொழியின் முதல் நூல் வெளிவந்தது. ஆக்கியோன் மார்ட்டினாஸ் மாஷ்வீதாஸ். அதுவும் ஞானோபதேசமே, அரிச்சுவடியும் பாடல்களும் உடன் சேர்ந்தவை. செய்யுளாக அமைந்த முன்னுரையில் நூலே வாய் திறந்து மக்களை அழைக்கிறது. அச்செய்யுளின் அடிகளுடைய முதலெழுத்துகளில் ஆக்கியோன் தம் பெயரை ஒளித்து வைத்திருக்கிறார். லித்துவேனிய மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆயினும் லுத்தரியரின் இந்நூலைத் தம் மொழியின் தலைமகவாகவே அவர்கள் போற்றுகிறார்கள்.

அதே அச்சகத்திலிருந்து அதற்கு ஈராண்டு முன்னே, 1545இல், மற்றொரு ஞானோபதேசம் வெளிவந்தது. இதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த மண்ணின் பழங்குடிகளான பிரஷ்யர்களின் மொழி, ஜெர்மனுக்கு உறவானதன்று. லித்துவேனியத்துக்கும் லாத்விய மொழிக்கும் உடன்பிறந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜெர்மானிய வீரத் துறவியர் அந்நாட்டை வாளால் வென்றனர். வென்றவர்களின் பெயர் நிலைக்கவில்லை. தோற்றவர்களின் பெயரையே பின்னர் ஆண்ட ஜெர்மானியர் சூடிக்கொண்டு பிரஷ்யர் ஆனார்கள்! உண்மைப் பிரஷ்யர் வயலில் உழுதனர். கோயிலில் ஜெர்மானியப் போதகர் உரைக்க, துபாஷி ஒருவர் நின்று வாக்கியம் வாக்கியமாகப் பெயர்த்துச் சொல்லுவார்.

அக்குடிகளுக்காக 1545இல் இருமுறை ஞானோபதேசம் அச்சிடப்பட்டது. இரண்டாவது பதிப்பு முதற்பதிப்பின் திருத்தம். பின்னர் 1561இல் ஆபெல் வில் என்னும் போதகர் லுத்தரின் சிறு நூலை முழுவதுமாகப் பெயர்த்து வெளியிட்டார். ஒரு பக்கம் ஜெர்மன், எதிர்ப்பக்கம் பிரஷ்ய மொழி. அவருக்குத் துணை நின்றவர் பௌல் மெகோட் என்னும் துபாஷி. போதகர் பெயரோடு ஒரு குடியானவரின் பெயரும் இவ்வாறு வரலாற்றில் நின்றுவிட்டது.

நூல் அம்மொழியைக் காப்பாற்றியதா? இல்லை. ஆள்வோரின் மொழி ஜெர்மன். பள்ளியும் சந்தையும் நீதிமன்றமும் அதன் வசம். பிள்ளைகள் ஒவ்வொரு தலைமுறையாக மாறிக்கொண்டே போனார்கள். 1709ஆம் ஆண்டு தொடங்கிய கொள்ளைநோய் கிழக்குப் பிரஷ்யாவைப் பாழாக்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அம்மொழியைப் பேசுவோர் இல்லாமற் போயினர். ஏறக்குறைய 150 ஆண்டுகளில் முடிந்த கதை.

ஆனால் அந்த மூன்று சிறு நூல்கள் எஞ்சின. அவற்றோடு சில சொற்பட்டியல்களும் துணுக்குகளும் இருக்கின்றன. தொடர்ச்சியான வாசகம் என்று சொல்லத்தக்கது ஞானோபதேசத்தில் மட்டுமே உண்டு. இந்திய ஐரோப்பிய மொழிகளை ஆராய்வோர் வேற்றுமை உருபையும் வினைமுற்றையும் அதிலிருந்தே பொறுக்குகிறார்கள். ஆபெல் வில்லின் மொழிபெயர்ப்பு ஜெர்மன் நடையைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியது என்று அறிஞர் குறை கூறுகின்றனர். குறை உண்மையே. ஒரு பிரஷ்யப் பாட்டி பேரனை எப்படிக் கொஞ்சினாள் என்பதை அந்நூல் நமக்குச் சொல்லாது. போதகர் கேட்ட வினாவுக்கு அப்பேரன் என்ன விடை சொல்லவேண்டும் என்பதை மட்டுமே சொல்லும்.

தெற்கே ஸ்லொவேனியருக்கு 1550இல் பிரிமோஷ் த்ரூபார் ஞானோபதேசமும் அரிச்சுவடியும் அளித்தார். பிறந்த நாட்டில் இடமின்றி ஜெர்மனியில் அச்சிட்டார். பின்னாளில் கத்தோலிக்க ஆட்சியினர் அவ்வகை நூல்களை லியூபிளியானா நகரில் எரித்தனர். இன்று ஸ்லொவேனியாவின் ஒரு யூரோ நாணயத்தில் த்ரூபாரின் முகம் இருக்கிறது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நடந்ததையும் கேளுங்கள். அமெரிக்காவில் டெலாவேர் ஆற்றங்கரையில் சுவீடன் ஒரு சிறு குடியேற்றம் வைத்திருந்தது. 1643இல் அங்கே சென்ற போதகர் யோகான் கம்பானியஸ், லெனாப்பே பழங்குடியினரின் பேச்சைக் கற்று லுத்தரின் நூலைப் பெயர்த்தார். அன்றாட அப்பம் வேண்டும் இடத்தில், அம்மக்கள் அறிந்த மான் இறைச்சியையும் சோளத்தையும் வைத்தார். என்ன நுட்பம்! ஆனால் அந்நூல் ஸ்டாக்ஹோமில் அச்சேறியது 1696இல். அக்குடியேற்றம் 1655இலேயே டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. கம்பானியஸ் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பத்து ஆண்டு கழித்து, 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அதே வழியைச் சேர்ந்த சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அவர்களை அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக். சீகன்பால்குக்கு வயது 24. திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். இங்கே நிலைமை தலைகீழ். எஸ்தோனியருக்கு எழுத்தைக் கொண்டு போனவர்கள், தமிழரிடம் வந்து எழுத்தைக் கற்க வேண்டியிருந்தது. தமிழில் அச்சும் புதிதன்று. கத்தோலிக்கரான ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் 1578இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ஞானோபதேச நூலை வெளியிட்டிருந்தார். சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் ஒரு பட்டியல் எழுதினார். அவ்வாண்டின் இறுதியில் டேனியக் கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட பூசலால் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார்.

லுத்தரின் சிறு நூலை அவர் தமிழாக்கினார். லண்டனிலிருந்து அச்சுப்பொறியும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகளும் வந்தன. அவ்வெழுத்துகள் மிகப் பெரியவை. காகிதம் போதாது என்று தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்த்தனர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது. 1719இல், 36 வயதில், அவர் மறைந்தார். தரங்கம்பாடியாரின் தமிழ் நடையை வீரமாமுனிவர் எள்ளி நகையாடினார். லுத்தரியரை மறுத்துத் தாமும் உரைநடை நூல்கள் எழுதினார். சமயப் பகை சமயப் பகையாகவே இருக்கட்டும். அச்சண்டையில் தமிழ் உரைநடைக்கு நல்ல பயிற்சி கிடைத்தது என்பது என் கருத்து. சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூலோ ஐரோப்பாவில் அச்சிடப்படாமல் கிடந்து, 1867இல் சென்னையில்தான் வெளிவந்தது.

கேள்வி கேட்ட சிறுமிக்கு இக்கதைகளைச் சொல்லும் வாய்ப்பு நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு கிடைத்தது. பள்ளி ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். அவள் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். தன் பாட்டி சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதிய சொற்கள் அதில் இருந்தன. மரங்களின் பெயர்கள், தேனடையின் பகுதிகள், உறவுமுறைகள். ஓரிடத்தில் நிறுத்தி, "ஐயா, பாட்டி இந்த இடத்தில் சொல்லும் ஒலி 'இ'யும் இல்லை, 'உ'வும் இல்லை. எப்படி எழுதுவது?" என்று கேட்டாள். அக்ரிகோலாவும் ஆபெல் வில்லும் விழித்த இடம் அதுவே. பாட்டியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்து கேட்டோம். பிறகு இகர எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகள் வைத்துக்கொள்வது என்று நாங்கள் மூவரும் முடிவு செய்தோம். அவள் முதற்பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்கினாள்.